திட்டுவதற்கு ஓர் ஆள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். இந்த வருடம் புராஜெக்ட்டைக் காசுக்குச் செய்து விற்கும் சென்டரில் வாங்கக் கூடாது, நீங்களே ஒரு கம்பெனியைப் பிடித்து அங்கே உள்ள நிஜமான வேலை ஒன்றை எடுத்துச் செய்யுங்கள், லெட்டர்ஹெட்டில் கடிதமும் வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர் கல்லூரியில் போனஃபைடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போனோம். பாதி இடத்தில் செக்யூரிட்டியே உள்ளே விடவில்லை. ஒரு இடத்தில் மெயில் போடச் சொன்னார்கள். போட்டோம், பதில் இல்லை. சென்னை, கோவை என்றால் கம்பெனிகள் இருக்கின்றன, மதுரையில் என்ன இருக்கிறது? பணம் கொடுத்தால் ரிப்போர்ட்டோடு வைவாவுக்கும் சொல்லித் தருவார்கள் என்கிறார்கள் சீனியர்கள். நீங்கள் கப்பலூரில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். மெயிலில் என்ன எழுதினால் பதில் வரும்? ஏஐ சம்பந்தமாக ஏதாவது செய்தால் மதிப்பு கூடுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கேட்டிலேயே திருப்பி அனுப்பிய பிறகு வெயிலில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருப்பீர்கள். அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். டோல்கேட் பக்கம் நிழல் கிடையாது, எனக்குத் தெரியும். மூன்று பேரும் மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் முதலில் தோன்றியது.

மெயிலில் என்ன எழுதினாலும் பதில் வராது. அதைத் திறந்து பார்க்கவே அங்கே ஆள் இல்லை. சிறிய பட்டறைகளில் முதலாளிதான் மேனேஜர், அவரேதான் பேங்குக்குப் போவார், கரண்ட் போனால் ஈபிக்குப் போன் போடுவதும் அவர்தான்.

மதுரையில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. டி.வி.எஸ். நிறுவனத்தின் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொழில் தொடங்கியது எந்த ஊரில்? டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தது எந்த ஊரில்? கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் இறக்குமதி விலை ஏழைக்குக் கட்டாது என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் இங்கேயே செய்தார்கள். கப்பலூரை விடுங்கள், புதூர் தொழிற்பேட்டைக்குள் ஒரு தடவையாவது நடந்திருக்கிறீர்களா? சரி, விடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் கணக்கியலும் கொலம்பியாவில் பொருளாதாரமும் படித்தவர். கடைசிக் காலத்தில் நம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வந்து தங்கி, 1960 ஜனவரி 30 அன்று காலமானார். 1929 வாக்கில் காந்தி அவரைக் கிராமத்துக் கணக்கை எடுக்கச் சொன்னார். குமரப்பா குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குஜராத்தில் மாதர் என்கிற தாலுகாவில் இறங்கினார். 50-க்கும் மேற்பட்ட ஊர்களில் நிலம், கால்நடை, வரவு செலவு, கடன் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். தன் கடன் எவ்வளவு என்று ஒரு சம்சாரி முன்பின் தெரியாத பையனிடம் எப்போது சொல்வான்? அவன் திண்ணையில் போய் உட்கார்ந்தால் சொல்வான். உங்கள் துறையில் இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிற அனுபவக் கல்வி அப்போதே நடந்த சமாச்சாரம்.

நான் கணக்கு எழுதிய ரப்பர் பட்டறைக்கும் தை பிறந்தால் மாணவர்கள் வருவார்கள். மூன்று மூன்று பேராக, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கண்ணாடி ஃபைலில் போனஃபைடு தெரிய. "சார், புராஜெக்ட் இருக்கா?" மளிகைக் கடையில் பெருங்காயம் இருக்கா என்று கேட்பதுபோல. முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இல்லை என்பார்.

ஒரு வருடம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று தனியாக வந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். ஸ்கிராப் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது எழுந்து போய் ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, மெல்லிசான ரப்பர்ப் பிசிறு ஒன்றை இழுத்துப் பார்த்தது.

"இது எங்கிட்டுண்ணே போகுது?"

"எங்கிட்டோ போகுது. அடுப்பெரிக்க."

முதலாளி வந்ததும் புராஜெக்ட் இருக்கா என்று கேட்கவில்லை. "இம்புட்டு ரப்பர் ஏன் சார் வீணாப் போகுது?" என்றது.

"அது தெரிஞ்சா நான் ஏம்மா பேங்குக்கு அலையுறேன்?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் மறுநாள் வரச் சொன்னார்.

புஷ், வாஷர் செய்ய காம்பவுண்ட் என்கிற வேகாத ரப்பர்க் கலவையைக் கத்தியால் வெட்டி, டை என்கிற அச்சுக்குள் வைத்து, 150 டிகிரி வாக்கில் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். கூடுதலாக வைத்தது ஓரத்தில் பிதுங்கும், அதுதான் ஃபிளாஷ். நறுக்கி எறிய வேண்டியதுதான். கந்தகம் சேர்ந்து வெந்த ரப்பரைத் திரும்ப உருக்கி வார்க்க முடியாது. குறைத்து வைத்தால் உருப்படி முழுசாக வராது, அதற்கு ஷார்ட் என்று பெயர்.

அந்தப் பிள்ளை கல்லூரி லேபில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கிவந்து, பிரஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டது. வைக்கும் முன் ஒரு எடை, எடுத்த பின் ஒரு எடை, பிசிறு தனியாக. 40 கிராம் புஷ்ஷுக்கு 50 கிராமுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. வெட்டுகிறவர்களுக்குக் கையளவு தெரியாமல் இல்லை. ஷார்ட் ஆனால் கூலியில் பிடிப்பார்கள், ஃபிளாஷை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அப்புறம் எவன் குறைத்து வெட்டுவான்? ஆளுக்கு ஒரு கிள்ளு கூடவே வைத்தார்கள். கூலிப் பிடித்தம் ஒரு லெட்ஜரில், ஸ்கிராப் இன்னொரு லெட்ஜரில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அந்தப் பிள்ளைதான்.

முதலாளி பிரஸ்ஸுக்கு ஒரு தராசு வாங்கிப் போட்டார். பிடித்தத்தை நிறுத்துங்கள் என்று அது சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை. கல்லூரி ரிவ்யூவில் "இதுல நாவல்டி எங்க?" என்று கேட்டார்களாம். கேட்டவர் கையில் ஒருநாளாவது அந்தக் கத்தியைக் கொடுத்திருக்க வேண்டும்.

நடுவில் இரண்டு நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. முதலாளி என்னிடம் சத்தம் போட்டார்: "எங்கய்யா அந்தத் தராசுப் பிள்ள? அரைகுறையா விட்டுட்டுப் போயிருச்சா?" அன்றைக்குத்தான் அந்த வேலை புராஜெக்ட் ஆனது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். முடிக்காவிட்டால் உங்களைத் திட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும். கைடு திட்டுவது கணக்கில் வராது, அவர் மார்க்குக்காகத் திட்டுவார். தன் காசு போகிறதே என்று திட்டுகிற ஆள் வேண்டும். சென்டரில் வாங்குவது தப்பு என்று உபதேசம் செய்ய மாட்டேன். அங்கே வாங்கியதை நீங்கள் வைகையில் போட்டாலும் ஏன் என்று கேட்க நாதி இல்லை, அதுதான் அதன் லட்சணம். கம்பெனி பெரிதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியக்காலை போய் நில்லுங்கள். மல்லிகை மொட்டு வாய் திறந்தால் விலை இறங்கிவிடும். மொட்டு விரிவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வழி இருக்கிறதா என்று ஒரு கமிஷன் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, மறுநாள் போகாமல் இருந்து பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து வந்து திட்டுவார். போகிற இடத்தில் புராஜெக்ட் கேட்காதீர்கள். அவர் எதைச் சொல்லிப் புலம்புகிறார் என்று அரை நாள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்று பேரும் சேர்ந்து போய் நிற்கவும் வேண்டாம், கடன் வசூலிக்க வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள்.

ஏஐ எல்லாம் அப்புறம். முதலில் நிறுக்கப் பழகுங்கள்.

லெட்டர்ஹெட் விஷயம். சின்னப் பட்டறையில் அது இருக்காது, பில் புக்தான் இருக்கும். பில் தாளிலேயே நாலு வரி எழுதி, ஜிஎஸ்டி நம்பர் உள்ள சீலை அழுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஏற்க முடியாது என்று உங்கள் துறைத்தலைவர் சொன்னால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பேசுகிறேன்.

அன்புடன்.