மானிடவியல் படிக்கலாமா? குமரி மாவட்டத்தினரின் கேள்விகளும் பதில்களும்

குளச்சல், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: ஐயா, மானிடவியல் என்றால் மலைவாழ் மக்களைப் பற்றிய படிப்பு என்கிறார்கள். கடற்கரையில் வளர்ந்த எனக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. எல்லா மனிதரின் உடலையும் வாழ்க்கையையும் ஆராயும் படிப்பு இது. அதற்கு நான்கு பிரிவுகள். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து, நடுக்கடலில் மீன் கிடைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பெரியவர்கள் உங்கள் ஊரில் உண்டு. அந்த அறிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, கிடைத்த மீனில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்வது சமூகப் பண்பாட்டு மானிடவியல். கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டவர்கள் கடலை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்பது மொழியியல் மானிடவியல். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் போல மண்ணுக்குள் கிடைப்பவற்றிலிருந்து பழைய வாழ்க்கையை அறிவது தொல்லியல்.

நான்காவது, உடல்சார் மானிடவியல். மண்டை ஓட்டை அளப்பது மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் கண்டறியப்பட்டன. ரத்த அணுவை அப்படி வளைக்கும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு. உடலையும் சூழலையும் திருமண உறவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

மார்த்தாண்டம், ஒரு தாய்: மகளை எங்கே சேர்க்கலாம்?

பதில்: சென்னை, புதுச்சேரி, கண்ணூர்ப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது அம்மா. பாடத்திட்டத்தில் களப்பணி எத்தனை வாரம் என்பதை முதலில் பாருங்கள். களத்தில் தங்காமல் பெறும் பட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேச்சிப்பாறை, காணிப் பழங்குடி இளைஞர்: ஆய்வாளர்கள் வருகிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு என்ன மிச்சம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987இல் காணி வழிகாட்டிகள் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தது. மருந்தைத் தயாரிக்கும் உரிமத்துக்கான தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. உலகமே அதை முன்மாதிரி என்றது. ஆனால் எல்லாக் குடியிருப்புகளையும் கலந்து பேசவில்லை என்ற மனத்தாங்கல் காணிகளிடையே எழுந்தது. ஆகவே, வருகிறவரிடம் நோக்கத்தை முதலில் கேளுங்கள். உங்கள் மூலிகை அறிவைப் பகிர்வதற்கு முன் ஊர் கூடிப் பேசுங்கள். எழுதியதைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அனுப்பிவிடுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

நாகர்கோவில், பட்டதாரி: குடிமைப் பணித் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், இரண்டு தாள்கள். இரண்டாம் தாள் முழுவதும் இந்தியாவைப் பற்றியது. அதற்குப் பேச்சிப்பாறைக்கும் குளச்சலுக்கும் ஒருமுறை போய்வந்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.