இன்டர்நெட் போனில் குரல் சரியில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

வீட்டு இன்டர்நெட் லைனில் ஓடும் போனைப் பற்றித்தான் எல்லாக் கேள்விகளும். பதிலுக்குப் போகும் முன் ஒரு விஷயம்: நீங்கள் பேசுவது அப்லோடில் போகிறது, கேட்பது டவுன்லோடில் வருகிறது. யாருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதை முதலில் பாருங்கள், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் லைன். ஸ்பீட் டெஸ்டில் முழு வேகமும் காட்டுகிறது. எனக்கு எதிராளி குரல் பளிச்சென்று கேட்கிறது, அவருக்கு மட்டும் நான் பேசுவது விட்டு விட்டுக் கேட்கிறதாம்.

பதில்: வேகத்தை விட்டுவிடுங்கள். ஜி.711 கோடெக்கில் (கோடெக் என்றால் குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 90 கிலோபிட்டுக்குள்தான் செலவாகும். குரல் 20 மில்லி நொடித் துண்டுகளாக, நொடிக்கு 50 பாக்கெட் என்று போய்க்கொண்டே இருக்கும், அதில் ஒன்று தாமதமாகப் போனால் தொலைந்ததற்குச் சமம், ஏனென்றால் அது போய்ச் சேரும்போது பேச்சு அதைத் தாண்டிப் போயிருக்கும். உங்கள் கேஸில் அடைப்பு அப்லோடில்தான். யாரோ ஒருவரின் மொபைல் போட்டோக்களை பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும், அல்லது வாசல் கேமரா வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு பிங்கை (ஒரு சர்வருக்குப் பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டு, பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்து பாருங்கள். 15 மில்லி நொடி காட்டிய பிங் 400, 500 என்று ஏறினால், ரௌட்டரின் வரிசையில் உங்கள் குரல் அந்த ஃபைலுக்குப் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். ரௌட்டரில் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் (பாக்கெட்டுகளின் வரிசையை ஒழுங்குபடுத்தும் செட்டிங்) இருந்தால் போட்டுவிட்டு, அப்லோட் வேகத்தை நிஜமாகக் கிடைப்பதில் 85–90 சதவீதம் என்று குறைத்துக் கொடுங்கள். குறைத்தால் எப்படி நன்றாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். வரிசை மோடமில் நிற்காமல் ரௌட்டரில் நிற்கும், ரௌட்டருக்குத்தான் குரலை முன்னால் விடத் தெரியும்.

கேள்வி: நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் அடாப்டரை மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அவர் பக்கம் இருக்காது, எதிர்முனையில் இருக்கும். அங்கே ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அவருடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஸ்பீக்கர்போனை அணைக்கச் சொல்லுங்கள், சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். யாரோடு பேசினாலும் இப்படி என்றால் தாமதத்தைப் பாருங்கள். எதிரொலி உடனே வந்தால் காதுக்குத் தெரியாது, லேட்டாக வந்தால்தான் தெரியும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது.

கேள்வி: அழைப்பு எடுத்த அரை நிமிடத்தில் கட்டாகிறது, ஒவ்வொரு முறையும். சில சமயம் ஒருவர் பேசுவது மட்டும்தான் கேட்கிறது.

பதில்: கடிகாரம் வைத்துப் பாருங்கள், 32 நொடி இருக்கும். ‘எடுத்துவிட்டேன்’ என்று ஒரு முனை சொன்னதற்கு மறுமுனையின் ஒப்புதல் வந்து சேரவில்லை, அத்தனை நேரம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத் துண்டித்துவிடுகிறது. முதல் சந்தேகம் ரௌட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற செட்டிங் (எஸ்ஐபி என்பது அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இன்டர்நெட் போன்கள் பேசிக்கொள்ளும் முறை). உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு பாக்கெட்டில் உள்ள முகவரிகளைத் திருத்தும், பல ரௌட்டர்களில் தப்பாகத் திருத்தும். அணைத்துவிட்டு ரௌட்டரையும் அடாப்டரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மோடமும் ரௌட்டர் வேலை, அதன் பின்னால் இன்னொரு ரௌட்டரும் என்றால் மோடமை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுங்கள், அது ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்தும்.

கேள்வி: நான் கூப்பிட்டால் போகிறது, வரும் அழைப்புகள் மட்டும் சில நேரம் மணியே அடிப்பதில்லை.

பதில்: கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் வெளியிலிருந்து அழைப்பு வரும் வழியை ரௌட்டர் மூடிவிடும். அடாப்டரில் கீப் அலைவ் என்று ஒரு செட்டிங் இருக்கும், வழி மூடாமல் இருக்க அவ்வப்போது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பும், 20 அல்லது 30 நொடி வையுங்கள்.

கேள்வி: வங்கிக்குப் போன் செய்து எண்ணை அழுத்தினால் எடுத்துக்கொள்வதில்லை.

பதில்: அடாப்டரின் டிடிஎம்எஃப் (பட்டன் ஒலி) செட்டிங்கில் இன்பேண்ட், அதாவது ஒலியைக் குரலோடு சேர்த்து அனுப்புவது, இருந்தால் ஆர்எஃப்சி 2833க்கு மாற்றுங்கள், அது எந்த பட்டன் என்பதைத் தனியாக அனுப்பும். ஜி.729 மாதிரி சுருக்கும் கோடெக்குகள் பேச்சுக்காகச் செய்தவை, பட்டன் ஒலியைச் சிதைத்துவிடும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று, மாலையில் மட்டும் குரல் கொரகொரவென்று ரோபோ மாதிரி ஆகிறது. கஸ்டமர் கேர் ‘லைன் நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள்.

பதில்: வைஃபையில் பேசுகிறீர்கள் என்றால் முதலில் கேபிளில் போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு பிங், ஒன்று ரௌட்டருக்கு, இன்னொன்று வெளியே ஒரு சர்வருக்கு, காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ரௌட்டருக்கே பிங் தவறினால் குற்றம் உங்கள் வீட்டுக்குள். எனக்கு இப்படித்தான் நடந்தது, இரண்டு வாரம் கம்பெனிக்காரர்களோடு சண்டை போட்ட பிறகு பார்த்தால் மேஜைக் காலுக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. ரௌட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே மட்டும் மாலையில் பாக்கெட் தவறினால், இரண்டு நேரத்து ரிசல்ட்டையும் தேதி, மணியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். ‘குரல் சரியில்லை’ என்றால் மோடமை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், ‘மாலை ஏழு மணிக்கு இத்தனை சதவீதம் பாக்கெட் தொலைகிறது’ என்றால் புகார் அடுத்த ஆளிடம் போகும்.