கேம் டிசைனர் ஆக எந்த ஸ்டூடியோக்களைப் படிக்க வேண்டும்? யாருடைய தாக்கத்தைத் தேட வேண்டும்?

கேட்டிருக்கும் தம்பி நெல்லையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கேம் டிசைனில் வேலைக்குப் போக ஆசை. அதற்காகப் பத்துப் பதினைந்து ஸ்டூடியோக்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அதில் எதை ஆராய்வது, எந்த டிசைனரைப் படிப்பது, இதைச் சொல்லித்தர ஊரில் ஆளில்லையே என்று எழுதியிருக்கிறார். நானும் பாளையங்கோட்டைக்காரன்தான். ஏழு வருடமாகப் பெங்களூரில் லெவல் டிசைனர் வேலை, அதாவது கேமின் ஒவ்வொரு கட்டத்திலும் எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைகிற வேலை. ஊர்ப் பையன் கேட்டிருக்கிறார் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரே ஒரு கேமை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். வண்ணார்பேட்டைப் பாலத்தில் நின்று பார்த்தால் தாமிரபரணி ஒரே ஆறு. மேற்கே போகப் போகத்தான் பச்சையாறு, கடனாநதி, மணிமுத்தாறு எல்லாம் எங்கெங்கே வந்து சேர்ந்தது என்று தெரியும். கேமும் அப்படித்தான்.

ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருடம் போல உட்கார்ந்து புரோகிராம், படம், இசை எல்லாம் தானே செய்தார். அவர் சின்ன வயதில் விளையாடிய ஹார்வெஸ்ட் மூன்தான் அதற்கு ஊற்று. அது 1996-ல் ஜப்பானில் வந்தது. அதை உருவாக்கிய யசுஹிரோ வாடா கியூஷு தீவின் மியாசாகி பக்கம் கிராமத்தில் வளர்ந்தவர். பிழைப்புக்கு டோக்கியோ போனபிறகு, விட்டுவந்த ஊரை நினைத்து நினைத்து எடுத்ததுதான் அந்த வயலும் மாடும். சண்டையே இல்லாமல் ஒரு கேம் எடுக்க முடியும் என்ற எண்ணம் அந்த ஏக்கத்திலிருந்து வந்தது. சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்படியே மற்றவர்களையும் தேடுங்கள். மரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ சிறுவனாக இருந்தபோது கியோட்டோ பக்கத்துச் சோனோபேயில் ஒரு குகைக்குள் விளக்கோடு நுழைந்து பார்த்தவர். அந்தப் பயமும் ஆவலும் 1986-ல் செல்டா என்ற சாகச கேமில் வந்தது. சடோஷி தஜிரி பூச்சி பிடித்துச் சேர்த்துத் திரிந்த பையன். வளர வளர அவர் ஊரின் வயலும் குளமும் கட்டடமாகிப் போயின. 1996-ல் வந்த போக்கிமான், நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பூச்சி பிடிக்கிற சந்தோஷத்தைத் திருப்பிக் கொடுத்தது.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஹிடேடகா மியாசாகி. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் எடுத்தவர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. நூலகத்திலிருந்து வயதுக்கு மீறிய புத்தகங்களை எடுத்து வருவார். புரியாத பக்கங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். அவர் கேம்களில் கதை முழுதாகச் சொல்லப்படாமல், பாதியை நாமே நிரப்பிக்கொள்ளும்படி இருப்பது அதனால்தான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் டுடோரியலைப் பாதி புரிந்தும் புரியாமலும் பார்க்கிற பிள்ளைகளிடம் இதைத் தவறாமல் சொல்வேன். இன்னொன்று, அவர் இந்தத் துறைக்குள் வந்ததே 29 வயதில், வேறொரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஐகோ என்ற கேமை விளையாடிய பிறகு.

இனி உங்கள் ஊற்று. எனக்கு அது ஆச்சி வீட்டுத் தார்சா, அதாவது முன்கூடம். சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் ஆடுபுலி கட்டம் போட்டு, புளியமுத்தை ஆடாகவும் சோடா மூடியைப் புலியாகவும் வைத்து விளையாடுவோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. நான் எப்போதும் சோடா மூடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆச்சி ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏல, புலியவே பாத்துட்டு இருக்காத. அது தாவுனா எங்கன போயி விழும்னு பாரு, அங்கன ஒரு ஆட்ட வை" என்றாள். புலி வெட்ட வேண்டுமென்றால் ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் வேண்டும். ஆக அந்த ஆட்டத்தில் பெரிய விஷயம் காலி இடம்தான். இன்றைக்கும் ஒரு லெவல் வரையும்போது, எதிரியை எங்கே நிறுத்துவது என்பதைவிட எங்கே காலியாக விடுவது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அந்த விதிகளை இன்னொரு முறை டிசைனர் கண்ணோடு படியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, வெற்றியும் வேறு. புலி வெட்டினால் ஜெயிக்கும், ஆடு அடைத்தால் ஜெயிக்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும், எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. புலியோ முதலிலிருந்தே நகரும். அதனால் ஆட்டத்தின் முன்பாதி புலிக்கு. காய் நிறைய நிறைய நெருக்கம் புலியின் கழுத்தைப் பிடிக்கும். ஒரு கொலைகாரனிடமிருந்து நான்கு பேர் தப்பிக்கிற டெட் பை டேலைட் 2016-ல் வந்தபோது, எங்கள் தார்சா ஞாபகம்தான் எனக்கு வந்தது.

வேலைக்கு வருவோம். ஸ்டூடியோவை ஆராய்வதென்றால் அது சொந்தமாக கேம் எடுக்கிறதா, மற்றவர் கேமுக்குப் படமும் மாடலும் செய்து கொடுக்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்து பெயர் வாங்கியது. 2019-ல் ஜிடிஏ கேம்களை எடுக்கும் ராக்ஸ்டார் அதை வாங்கியது. பிரெஞ்சு கேம் நிறுவனமான யுபிசாஃப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும் கிளை இருக்கிறது. இது ஒரு வகை. புனேயின் நாடிங் ஹெட்ஸ், இமயமலைப் பகுதியின் பஹாரி ஓவிய பாணியை எடுத்துக்கொண்டு 2020-ல் ராஜி என்ற கேமை எடுத்தது. இது இன்னொரு வகை. முதல் வகையில் வேலை வாய்ப்பு அதிகம், தொழில் சுத்தமாகப் படியும். ஆனால் டிசைன் முடிவு பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒரு ஸ்டூடியோவில் எந்தெந்த வேலை உண்டு என்று அறிய, கேம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப்பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். லெவல் டிசைனர், சிஸ்டம்ஸ் டிசைனர் (விதிகளையும் கணக்கையும் அமைப்பவர்), டெக்னிகல் ஆர்டிஸ்ட் (படத்தையும் புரோகிராமையும் இணைப்பவர்), டெஸ்டர் என்று ஒவ்வொன்றும் தனி வேலை. ஜிடிசி என்ற கேம் டெவலப்பர்கள் மாநாட்டின் உரைகள் பல யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் கேம் எடுத்தவர்களே தங்கள் தவறுகளைச் சொல்வார்கள்.

என் முதல் இன்டர்வியூவைச் சொல்லியாக வேண்டும். நான் காட்டிய லெவலைப் பார்த்துவிட்டு, "இந்தக் கதவு ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டார் ஒருவர். பெரிய கேம் ஒன்றில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஆறு மாதம் ஒரே ஒரு விஷயத்தைப் பழகினேன்: நோட்டில் இடப்பக்கம் கேமில் நடப்பது, வலப்பக்கம் அது ஏன். சூப்பர் மரியோவின் முதல் லெவலில் இருந்து தொடங்குங்கள். கேள்விக்குறிக் கட்டியைத் தலையால் முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடும், குழாயில் மோதித் திரும்பி உங்களிடமே வரும். தலைக்கு மேல் கட்டிகள் இருப்பதால் தாண்டித் தப்பிப்பதும் கஷ்டம். எதிரி என்று பயந்தவனும் அதைத் தொட்டுவிடுவான், தொட்டதும் பெரியவனாகிவிடுவான். ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு லெவலுக்கு இருபது வரி எழுத வருகிறதா பாருங்கள்.

ஊரில் ஆளில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். குஜராத்தில் சாலா என்ற சின்ன ஊரிலிருந்து ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ் உலகம் பேசுகிற கேம்களை எடுக்கிறது. டொராண்டோவில் எடுத்த வெண்பா என்ற கேம், கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி அவிப்பதுதான் அதில் முதல் புதிர். 2024-ல் அதற்குப் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது கிடைத்தது. இட்லிக் கொப்பரை நம் வீட்டிலும் இருக்கிறது.

முதல் வேலைக்குப் பெங்களூரோ புனேயோ போகத்தான் வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். 2023, 2024 இரண்டு வருடமும் உலகம் முழுக்க ஸ்டூடியோக்கள் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பின. அதனால் டிகிரியைக் கட்டாயம் முடியுங்கள். கேம் எடுக்க உதவும் கோடாட், 3டி மாடல் செய்ய உதவும் பிளெண்டர், இரண்டு மென்பொருளும் இலவசம். அடுத்த செமஸ்டர் லீவுக்குள் ஆடுபுலியைக் காகிதத்தில் வரைந்து, நாலாவது புலி ஒன்றைச் சேர்த்து, வீட்டில் உள்ளவர்களை விளையாட வையுங்கள். எத்தனை ஆடு கூட்டினால் ஆட்டம் மறுபடி சமமாகிறது என்று எண்ணி எழுதுங்கள். அந்த நோட்டைப் படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போட்டால் நான் படித்துச் சொல்கிறேன்.