கல்லூரி லினக்ஸ் குழுவில் என்னதான் செய்வார்கள்? சேர்ந்தால் பயன் உண்டா?

கேள்வியின் கடைசியில் "என்னிடம் விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது, கோடிங்கும் சுமார்தான், நான் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்தான். எங்கள் குழுவுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டரே கிடையாது. நானும் அதில் ஒருவன்.

நான் படித்தது 2007 முதல் 2011 வரை, தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் ஒரு பொறியியல் கல்லூரியில். சனிக்கிழமை மதியம் இரண்டாவது மாடி லேபில் கூடுவோம். முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள், வந்தால் 'ஓடி' (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரை வைத்துத்தான் வண்டி ஓடியது.

ஒரு கூட்டத்தில் சீனியர் ஒருவர் கட்டற்ற மென்பொருளின் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று தரப்படும் மென்பொருள்) தத்துவம் என்று நாற்பது ஸ்லைடு காட்டினார். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் சொன்ன நான்கு சுதந்திரங்களை ஒன்றிலிருந்து எண்ணாமல் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள் என்பது மட்டும்தான் எனக்கு மனதில் நின்றது. மற்ற நேரம் தூங்கிவிட்டேன். இந்த மாதிரிக் கூட்டங்களை வைத்து உங்கள் கல்லூரிக் குழுவை எடை போடாதீர்கள்.

அந்த நாட்களில் எங்கள் உண்மையான வேலை, மென்பொருளைச் சுமப்பது. ஹாஸ்டலில் இணையம் இல்லை, லேபில் இருந்த ஒரே பிராட்பேண்டை எல்லோரும் பங்குபோட வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் 2005-இலிருந்து 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது. ஷிப்-இட் என்று பெயர். அந்த உறைகள் வரும் வாரம் எங்களுக்குத் தீபாவளி. சிடியில் இல்லாத மென்பொருளுக்கு வேறு வழி. லேப் கணினியில் ஏதாவது நிறுவினால், இறங்கிய டெப் கோப்புகள் (மென்பொருள் பொதிகள்) எல்லாம் 'வார்' (var) என்ற அடைவுக்குள் கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்று போனால் அப்படியே இருக்கும். அதைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு ஹாஸ்டலுக்கு ஓடுவோம். ஒரு பொதி இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும், மறுபடி லேபுக்கு ஓட வேண்டும். 'டிபெண்டன்சி' என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மாடிப்படிதான் நடத்தியது.

அப்புறம் இன்ஸ்டால் ஃபெஸ்ட். வருடத்துக்கு ஒருமுறை, யார் வேண்டுமானாலும் கணினியைக் கொண்டுவரலாம், விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் போட்டுத் தருவோம். இரண்டாம் வருடம் நான் ஒரு ஜூனியரின் கணினி டிஸ்க்கை உபுண்டு 8.04-க்காகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது கணினியோ பதினொன்றாவதோ, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் திரையில் 'மேனுவல்' என்பதற்குப் பதில் 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்று இருந்ததை அழுத்திவிட்டேன். கேட்கவும் கேட்டது, உறுதியா என்று. உறுதி என்றேன். சி, டி, ஈ எல்லாம் போய்விட்டன. டி-யில் அவனுடைய அக்கா கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

அவன் கத்தவில்லை. "அண்ணா, வீட்டுக்கு என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். மறுபடி ஒரு பைட்கூட எழுதிவிடக் கூடாது என்று அந்த டிஸ்க்கைக் கழற்றி லேப் கணினியில் மாட்டினோம். அழிந்ததை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துக் காட்டியது, ஆனால் அடைவுகளைத் திறந்தால் குப்பையாக வந்தது. அடுத்து ஃபோட்டோரெக். அது கோப்புப் பட்டியலையே பார்க்காது, டிஸ்க்கைத் தலையிலிருந்து கால்வரை படித்து ஜேபெக் படம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தேடும். படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன, ஆனால் எதற்கும் பெயர் இல்லை, எல்லாம் எண்கள்தான். தாலி கட்டுவது கடைசியில், நலங்கு நடுவில், பந்தி எல்லாவற்றுக்கும் முன்னால். நானும் அவனும் மாப்பிள்ளையின் சட்டை மாறுவதை வைத்து வரிசைப்படுத்தினோம்.

அதிலிருந்து குழுவில் ஒரு விதி வந்தது. கணினியை யார் கொண்டுவந்தாரோ அவர்தான் எண்டர் அழுத்த வேண்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம், விசைப்பலகையில் கை வைக்கக் கூடாது. ஒரு கணினிக்கு முக்கால் மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, சீனியர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் போன வருடம் போட்டுக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் லினக்ஸை அழித்திருந்தார்கள், இந்த முறை நிறையப் பேர் சந்தேகம் கேட்கத் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு விண்டோஸை மறுபடி நிறுவினால் க்ரப் (எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்பது) காணாமல் போகும், அதை நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் சிடி போட்டுத் தாங்களே மீட்டுவிட்டு வந்து பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு. உங்கள் கல்லூரிக் குழுவில் சீனியர்கள் உங்கள் கையிலிருந்து மௌஸைப் பிடுங்குகிறார்களா இல்லையா என்று பாருங்கள். குழு நல்லதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து அதுதான் சோதனை.

லினக்ஸின் மையமான கெர்னலை மூலநிரலிலிருந்து நாங்களே கம்பைல் செய்யும் ராத்திரி என்று ஒன்று வைப்போம். அதற்குப் பெரிய பயன் ஒன்றும் இல்லை, ஜம்பம்தான். நான் தேவையில்லாதது என்று நினைத்ததையெல்லாம் நீக்கி, மூன்று மணி நேரம் காத்திருந்து, ஆசையாக பூட் செய்தால் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் இரண்டும் கண்சிமிட்ட ஆரம்பித்தன. கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது. ரூட் பார்ட்டிஷனைப் படிக்கத் தேவையான டிரைவரை மாட்யூலாக (பிறகு ஏற்றும் தனித் துண்டாக) வைத்துவிட்டு, அதை ஏற்றித்தர வேண்டிய இனிட்ஆர்டி-யை உருவாக்க மறந்திருந்தேன். டீக்கடை திறக்கும்வரை சிரித்தார்கள்.

கோடிங் சுமார் என்றீர்களே, அதற்கு வருகிறேன். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர நாள். 2010-இல் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஸ்டெல்லேரியத்தில் வானம் காட்டலாம் என்று திட்டம். அவர்கள் படம் வரையும் டக்ஸ் பெயிண்டை விட்டு நகரவில்லை. தலைமையாசிரியர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இதுல தமிழ் டைப் அடிக்க முடியுமா?" என்றார். லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸில் தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். அவர் தட்டச்சு ஹையர் முடித்தவர், தட்டச்சுப் பொறியின் பலகைதான் வேண்டும் என்றார். எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தட்டச்சு அமைப்பும் இருந்தது, போட்டுக் கொடுத்தோம். சந்தோஷமாகப் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் கூளம்.

அவர் வைத்திருந்தது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே இல்லை. அதை மாற்ற ஒரு பைதான் நிரல் எழுதலாம் என்று நான் வாய் விட்டுவிட்டேன். இந்த எழுத்துக்கு இந்த எழுத்து என்று அட்டவணை போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதல் முயற்சியில் 'கெ' எல்லாம் கலைந்து வந்தது. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் 'க' அடிப்போம், கண்ணுக்குத் தெரியும் வரிசை அதுதான். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. 'கொ' இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். 'கௌ'வில் பின்னால் வருவது ளகரமா, கௌவின் பாதியா என்று நிரலுக்குத் தெரியவே தெரியாது. ஊகிப்பதை விட்டுவிட்டு, சந்தேகமானதையெல்லாம் தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தோம், அவரே பார்த்துத் திருத்திக்கொண்டார். மொத்தம் நூற்றுச் சொச்சம் வரி, பார்க்கச் சகிக்காது. வேறொருவர் பயன்படுத்திய என் முதல் நிரல் அது. வேலைக்கான நேர்காணலிலும் அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார்கள், என் பிராஜெக்டைப் பற்றி இல்லை.

நான் முடித்து வந்த 2011-இல்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. தமிழில் படிக்க எங்களுக்கு அன்று அதிகம் கிடைக்கவில்லை. இப்போது கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே இலவச மின்னூல்கள் இருக்கின்றன, கூட்டத்துக்கு முன்னால் ஒன்றைப் புரட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள் லேப்டாப் புதியது என்றால் மூன்று வேலை செய்துவிட்டுப் போகவும். முக்கியமானதையெல்லாம் வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிவையுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணையாது, லினக்ஸிலிருந்து உங்கள் டி டிரைவில் எழுத முடியாமல் போகும். ஒரு 8 ஜிபி பென் டிரைவும் கொண்டுபோங்கள். எல்லோரும் கொண்டுவருவதாகச் சொல்வார்கள், யாரும் கொண்டுவர மாட்டார்கள்.