வாடகை வருமானத்துக்காக வீடு வாங்கலாமா?

கேள்வி: கடலூரில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறேன். கையில் 30 லட்சம் ரூபாய் இருக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் 45 லட்சத்துக்கு ஒரு வீடு விலைக்கு வருகிறது. மாதம் 12,000 ரூபாய் வாடகை வரும், கடன் தவணையை அதிலேயே கட்டிவிடலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: வாடகைக்கு விடும் எண்ணம் நல்லதுதான்; தரகரின் கணக்குதான் நிற்காது. பத்திரச் செலவு 9 சதவீதம் சேர்ந்தால் வீட்டின் அடக்கவிலை 49 லட்சத்தைத் தாண்டும். அதில் 20 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் கடனாக வாங்கினால், உங்கள் வயதுக்கு வங்கி தரக்கூடிய பத்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 24,800 ரூபாய் ஆகும். அதாவது வரும் வாடகையைப் போல இரண்டு மடங்கு. ஆள் மாறும்போது ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் என்பதையும், வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது, சொத்து வரி ஆகியவற்றையும் தரகர்கள் சொல்வதே இல்லை. முதலாண்டு வட்டியே 1.60 லட்சத்தைத் தாண்டும் நிலையில், வாடகையை வட்டி விழுங்குவதால் வீட்டுக் கணக்கில் விழும் நட்டத்தைப் புதிய வருமான வரி முறையில் ஓய்வூதியத்தில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஆகவே கைப்பணத்துக்குள் அடங்குகிற, இரண்டு போர்ஷனாகப் பிரிந்த பழைய வீடு மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கிடைக்குமா என்று பாருங்கள். ஒரு குடித்தனம் காலி செய்தாலும் மற்றொன்றின் வாடகை நிற்காது. மாற்றலாகி வரும் அரசு ஊழியர்களும் மாவட்ட அலுவலகங்களுக்கு அருகில்தான் வீடு தேடுவார்கள்.

எந்த வீடானாலும் மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், 2015 மழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. கடலோர வீடென்றால் சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், உப்புக் கரித்தால் நல்ல குடித்தனம் தங்காது. தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

குடிவைக்கும்போது எழுத்து வடிவில் ஒப்பந்தம் கட்டாயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாடகை பாக்கி நிற்கிறதென்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், குற்றம் உங்கள் பக்கமே திரும்பும். பாக்கியை வசூலிக்க வாடகை நீதிமன்றம் இருக்கிறது, அங்கே முதலில் கேட்கப்போவது பதிவு செய்த அந்த ஒப்பந்தத்தைத்தான்.