புரோக்கர் பேப்பர்ல இருக்கற மீடியன் இன்கம் நம்பரை நம்பி கடை வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸ்ல 20,000 பேர்கூட இல்லாத ஒரு கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), கேஸ் ஸ்டேஷனோட சேந்த கடை ஒண்ணு விலைக்கு வருது. புரோக்கர் குடுத்த பேப்பர்ல கவுண்டியோட மீடியன் ஹவுஸ்ஹோல்டு இன்கம், அதாவது வருமான வரிசைல சரியா நடுவுல நிக்கற வீட்டோட வருஷ வருமானம், 78 ஆயிரம் டாலர்னு போட்டிருக்கு. சென்சஸ் சைட்ல 52 ஆயிரம், பொருளாதாரப் புள்ளிவிவரம் போடற ஃப்ரெட் (FRED) சைட்ல 57 ஆயிரம். எதை வெச்சு கணக்கு போடறது?

பதில்: 57ஐ வெச்சு போடுங்க. 78 எங்கேருந்து வந்துச்சுன்னு புரோக்கர் எழுத்துல காட்டற வரைக்கும் அந்தப் பேப்பரை ஓரமா வைங்க.

52ங்கறது சென்சஸ் பியூரோ வருஷா வருஷம் எடுக்கற ஏ.சி.எஸ். (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) சர்வேல வந்தது. நாடு பூரா வருஷத்துக்கு சுமார் 35 லட்சம் அட்ரஸ்க்கு அந்த சர்வே போகுது, கேக்க பெருசாதான் இருக்கு, ஆனா உங்களுது மாதிரி சின்ன கவுண்டிக்குன்னு பிரிச்சா கைல நிக்கறது கொஞ்சம் வீடுங்கதான். அதனாலதான் 65,000 பேருக்கு மேல இருக்கற இடத்துக்கு மட்டும் முழுசா ஒரு வருஷ கணக்கு தர்றாங்க, உங்களுது மாதிரி சின்ன இடத்துக்கெல்லாம் அஞ்சு வருஷ பதிலை ஒண்ணா கொட்டி ஒரே நம்பர். 2019ல இருந்து 2023 வரைக்குமான கணக்குன்னா கோவிட்ல வேலை போனதும் அதுலதான் இருக்கு, அப்புறம் சம்பளம் ஏறுனதும் அதுலதான் இருக்கு. பக்கத்துலயே மார்ஜின் ஆஃப் எரர்னு ஒண்ணு போட்டிருக்கும், அதை யாருமே பாக்கறதில்ல. 52 ஆயிரம், கூட குறைய 9 ஆயிரம்னு இருந்தா அது 43லயும் இருக்கலாம் 61லயும் இருக்கலாம்னு அர்த்தம், சின்ன கவுண்டில இதெல்லாம் சகஜம்.

ஃப்ரெட்ல இருக்கற 57ம் சென்சஸ் பியூரோ போட்டதுதான். ஸ்மால் ஏரியா இன்கம் அண்ட் பாவர்ட்டி எஸ்டிமேட்ஸ்னு தனியா ஒரு கணக்கு வருஷா வருஷம் எல்லா கவுண்டிக்கும் போடறாங்க. அதுல சர்வே பதிலை மட்டும் நம்பாம ஐ.ஆர்.எஸ்.ங்கற வரி ஆபீஸோட டாக்ஸ் ரிட்டர்ன் விவரம், ஸ்நாப்ங்கற அரசாங்க சாப்பாட்டு உதவி வாங்கறவங்க எண்ணிக்கை இதையெல்லாம் சேத்து ஒரு மாடல் போடுவாங்க, சர்வே பலவீனமா இருக்கற ஊர்ல மாடலுக்கு வெயிட் ஜாஸ்தி. ஒரே ஒரு வருஷத்துக்கான நம்பர், அதான் உங்களுக்கு வேணும். ஒரே ஆபீஸ் ஒரே கவுண்டிக்கு ரெண்டு நம்பர் போட்டுட்டு எது எதுக்குன்னு சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி ஒரு வரி முன்னாடி எழுத மாட்டேங்கறாங்க, 2023 கணக்கு வெளில வரவே 2024 டிசம்பர் ஆச்சு, இந்த இடைவெளிலதான் ஏமாத்தறவன் கடை விரிக்கறான்.

78க்கு வருவோம். பெரும்பாலும் அது மீடியனே இல்ல, ஆவரேஜ். நாலு எண்ணெய்க் கிணறு வெச்சிருக்கற குடும்பம் இருந்தா போதும், ஆவரேஜ் எங்கயோ போயிடும், நடுவுல இருக்கற குடும்பம் அதே இடத்துலதான் நிக்கும். இல்லைன்னா ஃபேமிலி இன்கம்மா இருக்கும், தனியா வாழறவங்க எல்லாம் அதுல கழிஞ்சிடுவாங்க, அதனால பொதுவா ஜாஸ்தியா காட்டும். வீட்டு உதவித் திட்டத்துக்கு ஹட் (மத்திய வீட்டுவசதித் துறை) போடற ஏரியா மீடியன் இன்கம்மும் ஃபேமிலி கணக்குதான், அதையும் தூக்கி ஒட்டுவாங்க. இன்னும் சில பேர் "அஞ்சு மைல் சுத்தளவு"னு பக்கத்து பணக்கார கவுண்டியையும் சேத்துக்குவாங்க. ரெண்டு இடத்து மீடியனைக் கூட்டி ரெண்டால வகுத்தா வர்றது மீடியன் கிடையாது, அதையும் கூசாம செய்றாங்க. இலவசமா கிடைக்கற சென்சஸ் நம்பருக்கு கலர் சார்ட் போட்டு "மார்க்கெட் ரிப்போர்ட்"னு காசு கேட்டா தரவே தராதீங்க.

இன்னொண்ணு முக்கியம், ஜெயில், காலேஜ் இருக்கற கவுண்டி. டெக்சாஸ்ல வாக்கர் கவுண்டியை எடுத்துக்கங்க, ஹன்ட்ஸ்வில் ஊர் இருக்கற இடம். ஸ்டேட் ஜெயில்கள் அங்க இருக்கு, சாம் ஹூஸ்டன் யுனிவர்சிட்டியும் இருக்கு. 2020 சென்சஸ்ல 76,000 பேர் காட்டுது, அந்த எண்ணிக்கைல கைதிங்களும் உண்டு. ஆனா ஹவுஸ்ஹோல்டு இன்கம்ல அவங்க வர மாட்டாங்க, ஜெயில் வீடு கணக்குல சேராது. ஹாஸ்டல்ல தங்கற பசங்களும் அப்படித்தான். அதே பசங்க வெளில அபார்ட்மென்ட் எடுத்து தங்கினா அது ஒரு ஹவுஸ்ஹோல்டு ஆயிடும், பார்ட் டைம் சம்பளம்தான் அதோட இன்கம், மீடியனைக் கீழ இழுத்துடும். இங்க தலைக்கு இவ்வளவுங்கற பெர் கேபிட்டா நம்பரை எடுத்தீங்கன்னா இன்னும் குழப்பம், ஏன்னா அதுல வகுக்கறப்போ கைதிங்களையும் சேத்துதான் வகுக்கறாங்க. ஆக ஜெயில் இருக்கற ஊர்ல புரோக்கர் காட்டற மக்கள்தொகை உங்க கடைக்கு வர்ற கஸ்டமர் எண்ணிக்கை இல்ல, அந்த ஆயிரக்கணக்கான பேர் கேட்டை விட்டு வெளியவே வர முடியாது. உங்க கவுண்டில இப்படி எதாவது இருக்கான்னு மேப்ல பாத்துக்கங்க.

புரோக்கர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: எந்த வருஷம், எந்த டேபிள், மார்ஜின் எவ்வளவு. ஏ.சி.எஸ்.ல மீடியன் ஹவுஸ்ஹோல்டு இன்கம்முக்கு டேபிள் நம்பர் பி19013, அதை அவர் சொல்லணும். சொல்லாம "எங்க சாஃப்ட்வேர்ல வந்துச்சுங்க"ன்னு இழுத்தா, அட்வான்ஸ் குடுக்கறதை நிறுத்தி வெச்சுட்டு கடையோட சேல்ஸ் டாக்ஸ் ரிட்டர்னை மூணு வருஷத்துக்குக் கேளுங்க.