கொசுவை விடுமுன் யாரைக் கேட்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரி விசிஆர்சி (நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம்) உருவாக்கிய, வோல்பாக்கியா நுண்ணுயிரி ஏற்றிய கொசுக்களைத் தெருமக்களிடம் கேட்காமல் விடக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். டெங்குவைத் தடுக்கும் அறிவியலுக்கு ஊர்க்கூட்டம் எதற்கு? அறிந்தவர்கள் முடிவெடுத்தால் போதாதா?

வாசகர், முத்தியால்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஏடிஸ் கொசுவின் உடலில் வோல்பாக்கியா நுண்ணுயிரி இருந்தால் டெங்கு வைரஸ் பெருகுவது குறையும் என்பதை வாக்கெடுப்புக்கு விடச் சொல்பவன் அல்ல நான். ஆனால் அந்த நுண்ணுயிரி தாய்க்கொசுவின் முட்டை வழியே தலைமுறைதோறும் தொடர்வது. ஊருக்குள் நிலைகொண்டுவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. விடப்படுபவற்றில் கடிக்கும் பெண் கொசுக்களும் இருக்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்கதை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் டெல்லியில் நடத்திய கொசு மரபியல் பிரிவு, அரியானாவின் சோனிபட்டில் மலட்டு ஆண் கொசுக்களை விட இருந்த வேளையில், இது உயிரியல் போருக்கான ஒத்திகை என்ற குற்றச்சாட்டு பத்திரிகைகளில் கிளம்பி நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை சென்றது. 1975இல் திட்டம் நின்றது. (விசிஆர்சி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.) ஆண் கொசு கடிக்காது என்பது உண்மை; ஆய்வில் திரட்டும் தரவு யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு அது பதிலாகவில்லை.

டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வெளியான, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த வோல்பாக்கியா சோதனையில், கொசு முட்டைகள் இட்ட வாளிகள் குடியிருப்புகளில்தான் வைக்கப்பட்டன. வீட்டார் ஒப்பாமல் அது நடந்திராது.

கடலூர் முதுநகரில் என் அத்தை வீட்டுத் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போகிறவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள், அத்தை அந்தத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவார். "இந்த வாடையில சோறு வடிக்க முடியுமாடா?" என்பார். பதிவேட்டில் அது மருந்திட்ட வீடு.

ஆகவே, தொழிற்சாலைகளுக்கு நடப்பதுபோல வரைவு அறிக்கை எழுதி முடித்தபின் பந்தல் போட்டு நடத்தும் கருத்துக்கேட்பை நான் கேட்கவில்லை. எந்தத் தெருவில், எந்த மாதத்தில் விடுவது, கடி கூடினால் யாரிடம் முறையிடுவது, எந்த நிலையில் நிறுத்துவது என்பவற்றை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே கேட்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் எவர் வீட்டுத் தொட்டி மூடியில்லாமல் கிடக்கும் என்பதை அத்தை விரல்விட்டுச் சொல்வார். இதுவரை அவரிடம் அதை எவரும் கேட்டதில்லை.

அன்புடன்.